பிரெஞ்சுக்காரன் விட்ட பிழை

சடார் என்று முன்னறை ஜன்னல் உடைந்து உள்ளே விழுந்தது. கூடவே வந்த கல் துணி வெட்டும் மேசையின் காலில் மோதி அடுப்புப் பக்கம் உருண்டு நின்றது.

கெத்துரா ஜன்னலைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஊசியைக்கூட வைக்காமல் பாய்ந்துபோய், மேசை ஓரத்தில் இருந்த பட்டுப் பொட்டலத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடினாள். அப்புறம்தான், "ஐயோ மதினி!" என்று கத்தினாள்.

செலினா கண்ணாடித் தூளைத் தாண்டி வாசலுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை. மலைப்பக்கம் இருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஓடுகிறவன் யாரும் இல்லை. எதிர்வீட்டு மெர்சி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"யாரு எறிஞ்சது மெர்சி?"

"நான் மழையத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"மழை கல்லாவா பேஞ்சுச்சு?"

"பிரான்சு தேசத்து மழையா இருக்கும்" என்றாள் மெர்சி. "உன் வீட்டுக்கு இப்ப எல்லாம் அங்கேருந்துதானே வருது."

மெர்சியின் புருஷன் ஜேபஸ் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தொப்பியைத் தலையில் வைத்தபடி வெளியே எட்டிப் பார்த்தான். "நான் எறியல செலினா. சத்தியமா எறியல. ஆனா எறிஞ்சவன் கை நல்லா இருக்கட்டும்."

செலினா கதவைச் சாத்தினாள்.

இங்கிலாந்தின் பட்டு ஊரான மாக்கில்ஸ்ஃபீல்டில் அந்த வருஷம் பிரெஞ்சு என்ற சொல்லைச் சொல்லிவிட்டு எந்தக் கள்ளுக்கடையிலும் நிம்மதியாக உட்கார முடியாது. பிரான்சுப் பட்டுக்கு இருந்த சுங்கவரியை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மேல்மாடிதோறும் தறி ஓடிய ஊரில் பாதித் தறி நின்றுவிட்டது. நல்ல நெசவாளிகள் தூக்குச்சட்டியோடு தர்மக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். செலினாவின் புருஷன் ஆமோஸ், பூப்போட்ட பட்டு நெய்வதில் பேர் வாங்கியவன், மூன்று மாதமாகப் பக்ஸ்டன் ரோட்டில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தான். மழை நாளில் அதுவும் கிடையாது.

வீட்டில் அடுப்பு எரிவது செலினாவின் ஊசியால்தான். அவள் தைப்பாள், ஆமோஸின் தங்கை கெத்துரா கூட உட்கார்ந்து தைப்பாள். அப்படி இருக்கும்போதுதான் போன வியாழக்கிழமை பாங்கு மானேஜர் மனைவி லோவாட் அம்மா வண்டியில் வந்து இறங்கினாள். தெற்குச் சீமைக்காரி, ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை டவுன் ஹாலில் பெரிய கச்சேரி இருக்கிறது, அதற்குள் ஒரு உடுப்பு வேண்டும் என்று, மான்செஸ்டரில் வாங்கிய பதினாலு கெஜம் பட்டை மேசைமேல் வைத்தாள். சுற்றியிருந்த காகிதத்தில் லியோன் என்று பிரான்சின் பட்டு நகரத்துப் பேர் தங்க எழுத்தில் போட்டிருந்தது. கெத்துரா அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்து முடித்த நேரம், ஒரு சிட்டிகை டீத்தூள் கடன் கேட்டு மெர்சி உள்ளே வந்துகொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஊருக்குச் சொல்ல வேறு ஆள் தேவைப்படவில்லை.

அந்தக் கச்சேரியே வேலையில்லாத நெசவாளிகளுக்காக நடக்கிற நிதிக் கச்சேரி. இது லோவாட் அம்மாவுக்குத் தெரியும். அவள் உடுத்தப்போகிற பட்டுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம்தான் தெரியாது.

ஆமோஸ் அன்றே சொல்லிவிட்டான். "அந்தத் துணி இந்த வீட்ட விட்டுப் போற வரைக்கும் அது இருக்கற அறையில நான் கால் வைக்க மாட்டேன்."

"அப்ப எங்கய்யா சாப்பிடுவ?"

"மேல."

அதன்படி அவன் பின்கட்டு வழியாக வந்து, பின்படியில் ஏறி, மேல்மாடியில் நின்றுபோன தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். அடுப்பில் வேறு எதுவும் வேகவில்லை. வெங்காயம் வதக்கினால் பட்டு வாசனை பிடித்துவிடும்.

லோவாட் அம்மாவைத் திருப்பி அனுப்பினால் மேட்டுத் தெருப் பணக்காரப் பெண்கள் ஒருத்தியும் இனி இந்த வாசல் ஏற மாட்டாள். தைத்துக் கொடுத்தால் சொந்தத் தெருவே முகம் கொடுக்காது. செலினா தைப்பது என்றுதான் முடிவு செய்தாள். திங்கட்கிழமையே பருத்தித் துணியில் மேல்சட்டைக்கு உள்ளுறை வெட்டி, அந்த அம்மாவின் உடம்பில் வைத்துக் குண்டூசி குத்தி அளவு சரிபார்த்தாகிவிட்டது. செவ்வாய் பட்டில் கத்திரி வைக்க வேண்டிய நாள்.

ஜன்னலுக்குக் கெத்துரா பலகை அடித்தாள். அடித்து முடித்ததும் அறை கிணறு மாதிரி ஆயிற்று.

"மதினி, இந்த இருட்டுல பச்சையும் கறுப்பும் ஒண்ணாத் தெரியுது."

செலினா பலகையைப் பார்த்தாள். பின்படியைப் பார்த்தாள். வீட்டில் வெளிச்சம் இருக்கிற இடம் ஒன்றுதான். நெசவுக்கென்றே சுவர் நீளத்துக்கு ஜன்னல் வைத்துக் கட்டிய மேல்மாடி.

"பொட்டலத்தை எடு" என்றாள்.

ஆமோஸ் படிவாசலில் வந்து நின்று வழியை அடைத்தான். "இது என் தறி இருக்கற இடம். இங்க அந்தச் சனியன் வரக் கூடாது."

"தறிதான் சும்மா கெடக்கே."

"சும்மா கெடந்தாலும் தறி தறிதான்."

"அப்ப ஒரு காரியம் பண்ணு. உன் சிநேகிதங்க ஒடைச்ச ஜன்னல்ல போய் நின்னு எனக்கு வெளிச்சம் காட்டு."

"நானா ஒடைச்சேன்?"

"நீ மாடில உக்காந்து மொறைச்ச. அவங்க கீழ நின்னு கல்லை விட்டாங்க. ரெண்டுக்கும் என்னய்யா பெரிய வித்தியாசம்? தள்ளு."

அவன் தள்ளவில்லை. கெத்துரா பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணன் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். ஆமோஸ் போய்த் தறிப் பலகையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். வெளியே போகலாம் என்றால் மழை.

பெண்கள் இருவரும் ஓட்ஸ் மாவை வினிகரில் குழைத்துக் கையைத் தேய்த்துக் கழுவினார்கள். விரலில் ஒரு சொரசொரப்பு இருந்தாலும் பட்டு மாட்டிக்கொள்ளும். தரையில் சுத்தமான விரிப்புப் போட்டு, மண்டியிட்டுத் துணியைப் பிரித்தார்கள். சரசரவென்று ஓர் ஓசை எழுந்தது. ஆமோஸின் முதுகு அசைந்தது. நல்ல எடையுள்ள பட்டு என்பது அந்தச் சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது?

நிறம், மழை நனைத்த ஐவிக்கொடிப் பச்சை. அதில் சாண் இடைவெளிக்கு ஒரு வரிசையாகப் பொன்னிறத்தில் சின்னச் சின்னக் கொத்து. கொத்துக்கு மூன்று இலை. பாவாடைக்கு ஏழு பட்டி வெட்ட வேண்டும். ஒவ்வொரு பட்டியிலும் கொத்து ஒரே உயரத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பில் பூ முறிந்து தெரியும். செலினா முதல் வரிசையில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனவள் நின்றாள்.

"கெத்துரா, இந்த மூணாவது இலையப் பாரு. நுனி."

"எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"அடுத்த கொத்து?"

"அதுலயும் கடிச்சிருக்கு." கெத்துரா முழங்காலிலேயே நகர்ந்து போனாள். "இதுலயும். இதுலயும். மதினி, பூரா இருக்கு!"

கொஞ்சம் தள்ளி நின்றால் தெரியாது. தெரிந்துவிட்டால் கண் அங்கேயே போகும். செலினா கத்திரியைக் கீழே வைத்தாள். அந்த ஊர்த் தையல் வழக்கம் கறாரானது. கத்திரி படுவதற்கு முன்னால் துணியில் இருக்கிற குறை கடைக்காரனுடையது; கத்திரி பட்டபின் அத்தனையும் தையல்காரியின் தலையில். முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் இது நெசவில் வந்ததா, மடிப்பில் நைந்ததா, நிச்சயமாகச் சொல்ல ஒரு நெசவாளியின் கண் வேண்டும்.

அவள் சுவரோடு பேசுவது போலச் சொன்னாள்: "பிரெஞ்சுக்காரன் தப்பு விட்டிருக்கான்."

தறிப் பலகை கிறீச்சிட்டது. "என்ன தப்பு?"

"எனக்கு என்ன தெரியும்? நெசவு தெரிஞ்சவன் பாக்கணும். அந்த மாதிரி ஆளு இந்தத் தெருவுல யாராவது இருந்தா..."

ஆமோஸ் பலகையில் இந்தப் பக்கம் திரும்பினான். பிறகு எழுந்து வந்தான். மூன்று மாதத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர்கள் பார்க்கவில்லை.

"எங்க? காட்டு காட்டு. இவனுகளுக்குத்தானே ராணியம்மா கதவைத் தொறந்து விட்டிருக்கா! பெரிய லியோன்! பத்து வயசுப் பையன் கூட எங்க ஊர்ல இப்படி..."

குனிந்தவன் பேச்சை நிறுத்தினான். இன்னும் குனிந்தான். தொடுவதற்கு விரலை நீட்டினான். ஜல்லி உடைத்துக் காய்த்துப்போன விரல் நுனியில் ஒரு பட்டு இழை சிக்கி இழுத்தது. சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான். பட்டு நெசவாளியின் கை பெண்பிள்ளை கை மாதிரி மெத்தென்று இருக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பண்ணுவார்கள். அந்தக் கை அவனுக்கு இப்போது இல்லை.

"நீ புடி" என்றான். "வெளிச்சத்துக்குத் திருப்பு. பின்பக்கம் காட்டு."

செலினா திருப்பிக் காட்டினாள். அவன் பின்பக்கத்து நூலோட்டத்தைக் கண்ணாலேயே எண்ணினான். பிறகு விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இருநூத்திப் பன்னெண்டு" என்றான்.

"என்னது?"

"அட்டை நம்பர்."

பூப்போட்ட பட்டு நெய்கிற தறியில் குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடை நூலுக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையில் துளை இருக்கிற இடத்தில் நெடுக்கே ஓடும் பாவு நூல் எழும்பும். இல்லாத இடத்தில் எழும்பாது. ஜனவரி மாதம் பர்டெக்கின் மில்லில் இந்தத் துணியை நெய்துகொண்டிருந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டாவது அட்டை ஈரத்தில் ஊறிக் கிழிந்துவிட்டது. அட்டை அடிக்கிற ஆளை மில் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஆமோஸே வீட்டுக்கு எடுத்து வந்து, சமையல் மேசையில் வைத்து, குத்தூசியால் புது அட்டை துளைத்தான். அடுத்தடுத்து மூன்று துளை விட்டுப்போயிற்று. இரண்டு கெஜம் நெய்த பிறகுதான் கண்டுபிடித்தான். வேறு அட்டை போட்டு மறுபடி நெய்கிறேன் என்றான். மேஸ்திரி, நேரம் இல்லை, ஓட்டு, வெளியூருக்குப் போகிற துணி என்றான். இந்தத் தப்போடு என் கைத் துணி வெளியே போகாது என்று ஆமோஸ் குரலை உயர்த்தினான். மேஸ்திரியும் உயர்த்தினான். பாவை முடித்துக் கொடுத்த அன்று அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது.

"கரையப் பாரு" என்றான். "மஞ்சள் ஒண்ணு, பச்சை ரெண்டு. நம்ம ஊர்க் கரை இல்ல. இப்படித்தான் போடணும்னு மேஸ்திரி நின்னான். எதுக்குன்னு அப்ப வெளங்கல. பிரெஞ்சுன்னு விக்கத்தான்."

கெத்துராவுக்கு முதலில் விக்கல் வந்தது. அது சிரிப்பு என்று தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அண்ணே! அப்ப பிரெஞ்சுக்காரன் நீதானா!"

"வாய மூடு."

"உன் துணிக்கா உன் வீட்டு ஜன்னலை ஒடைச்சானுக?"

ஆமோஸ் எழுந்து கோட்டை எடுத்தான். செலினா அவனுக்கு முன்னால் படிவாசலில் போய் நின்றாள்.

"எங்க?"

"சந்தைக்கு. கல் மேடையில ஏறி நின்னு சொல்லப் போறேன். பாங்குக்காரன் பொண்டாட்டி பிரெஞ்சு பிரெஞ்சுன்னு உருகறது எங்க கையப் பாத்துத்தான்னு ஊருக்குத் தெரியட்டும்."

"சரி. சொல்லிட்ட. அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"அந்தம்மா மான்செஸ்டர் கடைக்குக் கடுதாசி போடுவா. கடைக்காரன் பேரு கெட்டுச்சுன்னு பர்டெக்கின் துணியத் தூக்கி எறிவான். மாக்கில்ஸ்ஃபீல்டுத் துணின்னா பாதி வெலை. அதுக்கு அவன் எதுக்கு வாங்கணும்? இது இப்ப எத்தனை தறியில ஓடுது?"

 ஊரில் யார் வேலையில் இருக்கிறான் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஆறு தறி. அதில் ஒன்று ஜேபஸின் தறி.

"அதுக்காக ஒரு பொய்க்கு நாம துணை போறதா? ஞாயித்துக்கிழமை ஜெபவீட்டுல எப்படிப் போய் உக்கார்றது?"

"எனக்குத் தெரியலய்யா" என்றாள் செலினா. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. "உடுப்பு வெள்ளிக்கிழமைக்கு வேணும். நான் தைக்கறேன். நீ யோசி."

கத்திரி பட்டில் இறங்கியது.

அன்று முழுவதும், புதன் முழுவதும் மேல்மாடியில் வேலை நடந்தது. மேல்சட்டைத் துண்டு ஒவ்வொன்றையும் உள்ளுறையின் மேல் வைத்து ஓட்டுத் தையல் போட்டு, மடிப்பு பிடித்து, மடிப்புக்குள் சீவிய திமிங்கல எலும்பைச் செருகினாள் செலினா. அக்குள் ஓரத்தில் பட்டு மூடிய மெல்லிய கயிறு வைத்துத் தைத்தாள். கெத்துரா பாவாடையின் ஏழு பட்டியையும் இணைத்து, இடுப்பு ஓரத்தில் சரிசமமாக நூல் ஓட்டி இழுத்தாள். ஐந்து கெஜச் சுற்றளவு விசிறி மாதிரி மடிந்து ஒன்றரை முழத்துக்குள் அடங்கியது. கடித்த இலைகளில் சிலது தையலுக்குள் போயிற்று, சிலது கொசுவத்துக்குள் போயிற்று. மீதியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆமோஸ் போகவும் இல்லை, சுவரைப் பார்க்கவும் இல்லை. தறிப் பலகையில் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை தானாகவே சொன்னான்: "எட்டாவது கெஜம் தாண்டினதும் கொஞ்சம் எறுக்கமா இருக்கும். இழுத்துத் தைக்காத."

"ஏன்?"

"அன்னைக்கு இந்தக் கெத்துராவுக்குக் காய்ச்சல். என் கை சரியா ஓடல."

கெத்துரா ஊசியை நிறுத்தி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். 

தன் துணி உடுப்பாக மாறுவதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. நெய்வான், சுருட்டிக் கொடுப்பான், மறந்துவிடுவான். அது எந்த ஊரில் எந்த உடம்பில் ஏறியதோ. லியோன்காரன் பேரில் விற்கிற அளவுக்குத் தன் துணி நன்றாக இருந்திருக்கிறது என்று பெருமைப்படுவதா, தன் பேரில் விற்க முடியாமல் போயிற்றே என்று வயிறெரிவதா? 

புதன்கிழமை வேலை விட்டு ஜேபஸ் வந்தான். பின்படியில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே கெத்துரா பாவாடையை மர முக்காலியின்மேல் குவித்து வெள்ளைத் துணியால் மூடினாள்.

"சுத்தியல் திருப்பித் தரணும்னு வந்தேன்" என்றான் ஜேபஸ். அது போன வருஷம் வாங்கிய சுத்தியல்.

"உக்காரு" என்றான் ஆமோஸ்.

"உக்கார மாட்டேன். டீயும் குடிக்க மாட்டேன். இந்த வீட்டுக்குள்ள அந்தப் பிரெஞ்சு எழவு இருக்கற வரைக்கும்." அப்படிச் சொல்லிக்கொண்டே வெள்ளைத் துணி மூடிய முக்காலியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான். கெத்துரா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மில்லுல என்ன ஓடுது?" என்று கேட்டான் ஆமோஸ்.

"அதே பச்சைதான். உன் அட்டைதான். தினம் உன்னைத் திட்டிக்கிட்டே நெய்யறோம்."

"இன்னுமா அதை மாத்தல?"

"மாத்தற மூஞ்சியா அது? மான்செஸ்டர்காரனுக்குக் கண்ணு தெரியாதுங்கறான் மேஸ்திரி. ஜூன் மாசத்துப் பர்னபி திருவிழா லீவுக்குள்ள இன்னும் முப்பது துணி வேணுமாம். யாரு உடுத்துவாளோ, எந்தச் சீமாட்டியோ! நமக்கென்ன? மூத்தவளுக்குச் செருப்பு வாங்கிட்டேன். சின்னதுக்கு அடுத்த வாரம்." குரலைத் தாழ்த்தினான். "நீ மட்டும் அன்னைக்கு வாய அடக்கியிருந்தா ஏழாவது தறி உனக்குத்தான்யா. உன் வாய்தான் உனக்கு எமன்."

ஆமோஸின் வாய் திறந்தது. செலினா ஊசியை நிறுத்தினாள். அவன் கண் ஜேபஸின் முழங்கைக்குப் போயிற்று. வெள்ளைத் துணிக்கு வெளியே விரல் அகலத்துக்குப் பச்சை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

"ஜேபஸ்."

"என்ன?"

 "படி இருட்டா இருக்கு. பாத்து எறங்கு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் லோவாட் அம்மா வந்தாள். கீழறையில் பலகை அடித்திருந்ததால் மாடி ஏற வேண்டியிருந்தது. அவள் உடுப்புக்கு அடியில் இருந்த எஃகு வளையக் கூண்டு அந்தக் குறுகலான படியில் மாட்டிக்கொண்டது. கெத்துரா பின்னாலிருந்து கூண்டை அமுக்கி, சரித்து, ஒருவழியாக மேலே தள்ளினாள்.

"பறவையைக் கூண்டுக்குள்ள விடுவாங்க. நீ கூண்டையே பொந்துக்குள்ள விடறே" என்று மூச்சிரைத்துக்கொண்டே சிரித்தாள் அந்த அம்மா. கர்வம் பிடித்தவள் இல்லை.

சல்லடையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மெர்சியும் மேலே வந்துவிட்டாள். பிரெஞ்சுப் பட்டைத் திட்ட வேண்டுமானாலும் முதலில் பார்க்க வேண்டும் அல்லவா. போ என்று யாரும் சொல்லவில்லை. சல்லடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

ஆமோஸ் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். உடுப்பைப் பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றுகிற வேலை அவனுக்கு.

கொக்கிகளைக் கீழிருந்து மேலாக மாட்டிக்கொண்டு வந்தாள் செலினா. பதினாறு கொக்கி. மேல்சட்டை உடம்போடு சேர்ந்தது. பாவாடை வளையத்தின் மேல் விழுந்து, அலை மாதிரி ஒரு தடவை ஆடி, நின்றது. அந்த அம்மா திரும்பியபோது எழுந்த சரசரப்பு படி இறங்கிப் போயிற்று. நீள ஜன்னலின் வெளிச்சத்தில் பச்சை கறுப்பாகி மறுபடி பச்சையாயிற்று. பொன் கொத்துகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. மெர்சி திட்ட வந்ததை மறந்து, "அடேயப்பா!" என்றாள்.

செலினா குறையை மறைக்கவில்லை. "அம்மா, நெசவுலயே ஒரு சின்னத் தப்பு இருக்கு. இலை நுனி. நான் வெட்டறதுக்கு முந்தியே இருந்தது."

"இதுவா? நீ சொல்லாட்டி எனக்குத் தெரியவே தெரியாது. அழகா தைச்சிருக்கே செலினா." அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக, "கீழ ஏன் பலகை? ஜன்னலுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

 மூலையிலிருந்து மெர்சி சொன்னாள்: "கல்லு விழுந்துச்சும்மா. நீங்க போட்டிருக்கீங்களே, அதுக்காக."

"எதுக்காக?"

மெர்சி சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். நின்ற தறிகள், கஞ்சி வரிசை, பிரெஞ்சுப் பட்டு. லோவாட் அம்மாவின் முகம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டே போயிற்று. அவள் அந்த அறையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வெறும் பாவுக்கட்டையோடு நின்ற தறி எதிரே இருந்தது.

"நான் இதைப் போடப் போறதில்ல" என்றாள். "இவங்களுக்காக நடக்கிற கச்சேரியில, இதை உடுத்திக்கிட்டு நான் முன்வரிசையில உக்கார்றதா? கழட்டு செலினா. உன் கூலியை இப்பவே தந்துடறேன். என் பழைய சாம்பல் கலர் போதும்."

"அம்மா, தைச்சாச்சே..."

"அது மட்டும் இல்ல. நாளைக்கே மான்செஸ்டர் கடைக்கு எழுதப் போறேன். இந்தப் பிரெஞ்சுத் துணி இனி வேண்டாம்னு. கச்சேரிக் கமிட்டியில பதினெட்டுப் பேர் இருக்கோம். எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கறேன். அந்தக் கடையில ஒருத்தி கால் வைக்கட்டும், பாக்கறேன்."

"அப்படிப் போடுங்க!" என்றாள் மெர்சி. சல்லடையைத் தட்டினாள்.

செலினா கொக்கியில் வைத்த கையை எடுக்கவில்லை. கெத்துரா அவளைப் பார்த்தாள். முப்பது துணி, ஆறு தறி, சின்னதுக்கு அடுத்த வாரம் செருப்பு. எல்லாம் அந்த நல்ல மனசுக்காரியின் ஒரு கடுதாசியில் இருந்தது. உண்மையைச் சொன்னால் கடை மாட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் கடிதம் போகும்.

ஆமோஸ் படியேறி வந்து வாசலில் நின்றான். கையில் உடுப்புப் பெட்டி. கீழேயே எல்லாம் கேட்டிருக்கிறது.

"நீங்கதானே ஆமோஸ் வார்ஹர்ஸ்ட்?" என்றாள் லோவாட் அம்மா. "நல்ல நெசவாளின்னு சொன்னாங்க. நீங்க எனக்கு உண்மையைச் சொல்லணும். நான் அந்தக் கடையில கேட்டேன், நம்ம பக்கத்துப் பட்டு இருக்கான்னு. இந்த மாதிரியெல்லாம் அவங்களுக்கு வராதுன்னான். அவன் சொன்னது பொய்யா? இதே தரத்துல இந்த ஊர்ல நெய்வாங்கன்னா, இதை இங்கயே கழட்டிப் போட்டுட்டு, கடையோட சண்டைக்கும் போறேன். இல்ல, நிஜமாவே முடியாதுன்னா, வாங்கினதுல என் தப்பு இல்ல, உடுத்திக்கிட்டுப் போறேன், கடைக்கும் எழுதல. சொல்லுங்க."

"சொல்லு ஆமோஸ்" என்றாள் மெர்சி. அவள் கண் பளபளத்தது. சொன்னதைக் குழாயடிக்குக் கொண்டுபோக அவளுக்கு ஐந்து நிமிஷம் போதும். "நல்லாச் சொல்லு! ஊரு மானத்த வாங்கிடாத!"

ஆமோஸ் பெட்டியைக் கீழே வைத்தான். கிட்டே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாவாடையைச் சுற்றி ஒரு தடவை மெல்ல நடந்தான். எல்லாக் கொத்தையும் பார்த்தான். 

"நல்லாப் பாத்துட்டேன்மா" என்றான். "கடைக்காரன் நெசத்தத்தான் சொல்லியிருக்கான், இப்படி ஒரு பட்டு எங்க ஊர்க்காரன் எவன் கையாலயும் வராது, நீங்க தைரியமா உடுத்திக்கிட்டுப் போங்க."